ஏழு விரலுக்கு ஒரு கீபோர்டு

போன வாரம் ஒரு மடிக்கணினி வாங்கினேன். வாங்கி வந்ததும் அதில் இருந்ததை வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினேன். இருபது வருடப் பழக்கம்; இதற்கென்றே வீட்டில் தனியாகத் திட்டு வாங்குகிறேன். ஏற்றி முடித்து அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தபோது மவுஸ் பக்கம் வந்தது. முதன்மைப் பொத்தான் எது என்று ஒரு வரி. பக்கத்தில் இடது, வலது என்று இரண்டு கட்டங்கள். வலது என்பதைத் தொட்டேன், மாறிவிட்டது. இடது என்பதைத் தொட்டேன், பழையபடி ஆகிவிட்டது. அடுத்த பக்கம் கீபோர்டு. ஷிப்ட் கீயை அழுத்திப் பிடிக்க முடியாதவர்கள் ஒருமுறை தட்டிவிட்டால் போதும், அடுத்த எழுத்து வரும்வரை அது காத்திருக்கும். அதற்கும் ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள்.

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். காபி ஆறிக்கொண்டிருந்தது. நான் இரண்டு சின்னக் கட்டங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மறுபடியும் கெடுத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கெடவில்லை. நன்றாக வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினை. இப்போது ஒரு விரல் தொட்டால் நடக்கிற காரியத்துக்கு அன்றைக்கு நான் எத்தனை நாள் மாரடித்தேன், அதை நம்பி ஒருவர் எப்படி ஏமாந்து போனார் என்பதெல்லாம் அந்தக் கட்டங்களுக்குத் தெரியுமா? கோபப்பட ஆளில்லாவிட்டால் கட்டத்தின் மேல்தான் கோபப்பட முடியும்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில், ஒரு உரக்கடைக்கு மேலே முதல் மாடியில் எங்கள் சென்டர் இருந்தது. டேட்டா என்ட்ரி சென்டர் என்று போர்டு. இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. கீழே யூரியாவும் பூச்சிமருந்தும் நாறும். மாடிப்படி ஏற ஏற அது குறைந்து விபூதி, குங்கும வாசனை தொடங்கும். பாதிப் படியில் இரண்டும் சரிசமமாகக் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அதை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. முகர வேண்டும் என்று ஆசையும் இல்லை.

விபூதி ஏன் என்றால், எங்கள் சென்டருக்கு முக்கியமான வேலை கொடுத்தது ஊரில் இருந்த ஒரு அறக்கட்டளை. பெயர் வேண்டாம். கிரிவலம் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள். எங்கெங்கிருந்தோ நன்கொடை அனுப்புகிறவர்களுக்கு மாதம் ஒருமுறை பிரசாதம் தபாலில் போகும். அவர்களுடைய பெயர், நட்சத்திரம், விலாசம் எல்லாவற்றையும் தமிழில் அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. அடித்ததை ஒட்டுத்தாளில் அச்செடுத்து உறையில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை விபூதி, ஒரு சிட்டிகை குங்குமம் மடித்துப் போட வேண்டும். கரண்ட் போன நேரமெல்லாம் பிரசாதம் மடிக்கிற நேரம். கரண்ட் வந்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எல்லோரும் மறுபடி கீபோர்டுக்கு வந்துவிடுவார்கள்.

அப்போது மவுஸுக்கு அடியில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? மேசை மேல் இருக்கிற அழுக்கையெல்லாம் அது உள்ளே சுருட்டிக்கொண்டு போகும். மற்ற ஊர் மவுஸில் தூசி சேர்ந்திருக்கும். எங்கள் மவுஸில் விபூதி சேரும். தினமும் காலையில் எட்டு மவுஸையும் மல்லாத்தி, மூடியைத் திருகி, உருண்டையை எடுத்து, உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் கெட்டித்துப்போன விபூதியைக் குண்டூசியால் சுரண்டுவேன். கணிதத்தில் பட்டம் வாங்கிய பையன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறான் என்று என் அப்பா சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் விபூதி சுரண்டிக்கொண்டிருந்தேன்.

சென்டர் முதலாளியை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். எங்கோ ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். காசு கொடுக்காமல் நகல் சிடியில் மென்பொருள் போட்ட சென்டர்களுக்கு ரெய்டு வருகிறது என்று யாரோ டீக்கடையில் கிளப்பிவிட, அன்றைக்கே பயந்துபோய் இலவசமாக இருக்கிற லினக்ஸுக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்தார். ஊரில் லினக்ஸ் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்திருக்கிறார். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்துக்கொண்டு நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரை இரண்டு தடவை பாழாக்கியிருந்தேன். அந்த அனுபவம் போதும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். சேரும்போதே ஒன்று சொன்னார்.

"எதுல கை வச்சாலும் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு கை வய்யி தம்பி. ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா அன்னிக்கே கௌம்பிடணும்."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் நன்றாகவே வைத்திருந்தேன், அதனால்தான் எல்லாம்.

டைப் அடிக்கிறவர்கள் ஆறு பேர், எல்லோரும் பெண்கள். எல்லோரும் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் பண்ணியவர்கள். அந்த லோயரில் நான் இரண்டு தடவை பெயிலானவன். பத்தாவது லீவில் அப்பா கொண்டுபோய்ச் சேர்த்தார். பெரிய கனமான மெஷின், ஒரு கீயை இறக்கவே தனித் தெம்பு வேண்டும். நான் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பக்கத்து மெஷின்காரர் ஒரு வரி முடித்து மணி அடித்துவிடுவார். அப்படிப்பட்டவன் இந்த ஆறு பேருக்கும் சிஸ்டம் சார். சிரிக்கலாம், தப்பில்லை.

ஆறு பேரில் குமுதாக்காவும் ஒருவர். முழுப் பெயர் குமுதவல்லி. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். பஸ் ஏறி ஊருக்கு வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வேங்கிக்காலுக்கு வருவார். பதிமூன்று வயதில் மல்லாட்டை உடைக்கிற மெஷினில் வலது கையை விட்டு மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்தக் கையை அவர் மறைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பேசும்போது இரண்டு விரலையும் ஆட்டி ஆட்டித்தான் பேசுவார். "ஏழு விரலு இருக்குது தம்பி, லோயருக்கு அது ஜாஸ்தி" என்று என் பெயிலைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து கேலி.

டைப்ரைட்டரில் எப்படி அடித்தார் என்று கேட்டேன். இடது கையை மெஷின் முழுக்க ஓடவிட்டு அடிப்பாராம். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் அடித்தார். கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் ஆனால் மணிக்கட்டு வீங்கிவிடும். மவுஸ் இன்னும் கஷ்டம். வலது பக்கம் இருக்கிற மவுஸை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டுபோய், இடது கையைக் குறுக்கே நீட்டிப் பொத்தானை அழுத்துவார். ஆறு பேரில் அவர் வேகம்தான் கம்மி. சார் இரண்டு தடவை ஜாடையாகச் சொல்லிவிட்டார். கணவர் கரும்பு வெட்டப் போகிறவர், வருஷத்தில் பாதி நாள் வேலை இருக்காது. பையன் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தான். இந்த வேலை போனால் குமுதாக்கா மறுபடி மல்லாட்டை உடைக்கிற மில்லில் பருப்பு ஆயத்தான் போக வேண்டும். அவரே ஒருநாள் சொன்னார்.

"எனக்கு அந்த மெஷின் சத்தம் கேட்டாலே இன்னும் ஒடம்பு நடுங்குது தம்பி. இந்த ஏசி ரூம்ல உக்காந்துகினு சாமி பேரா அடிக்கிறேன் பாருங்க, இத வுட்டுட மாட்டேன்."

ஏசி ரூம் என்றது இரண்டு மின்விசிறியைத்தான்.

மவுஸை இடது பக்கம் வைத்துப் பொத்தான்களை மாற்றிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அதற்குக் கட்டம் எல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருக்கிற பொத்தான் வரிசையை மூன்று, இரண்டு, ஒன்று என்று எழுத வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். எழுதினேன். முடியாது என்றது. திரும்ப எழுதினேன். முடியாது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, எங்கள் மவுஸில் நடுவே ஒரு சக்கரம் இருக்கிறது. அதை மேலே உருட்டினால் ஒரு பொத்தானாம், கீழே உருட்டினால் இன்னொரு பொத்தானாம். ஆக ஐந்து எண் எழுதினால்தான் கேட்குமாம். இதை அந்த இரண்டு நாளில் அது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஊருக்குள் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு ஆங்கில இணையக் குழுவில் சந்தேகம் கேட்டிருந்தேன். இப்படி இப்படி, ஏழு விரல் உள்ள ஒருவருக்குக் கீபோர்டை மாற்ற வேண்டும், வழி சொல்லுங்கள் என்று. இரண்டு பதில் வந்திருந்தது. ஒருவன் கையேட்டைப் படி என்றான். இன்னொருவன், அப்படிப்பட்டவருக்கு ஏன் டைப்பிங் வேலை கொடுக்கிறீர்கள் என்று மிக மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டிருந்தான். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ, அவன் கீபோர்டில் காபி கொட்டட்டும்.

வேறு வழியில்லாமல் கையேட்டைத்தான் படித்தேன். சாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் குமுதாக்காவும் நாலாம் நம்பர் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொள்வோம். அவருடைய வலது கட்டைவிரலுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் இருக்கிற ஆல்ட் கீயை அது அழுத்திக்கொண்டால், இடது பக்கத்துக் கீகளிலேயே வலது பக்கத்து எழுத்துகள் வரும். சுண்டுவிரலுக்கு என்டரும் அழிக்கிற கீயும். இடது கை இருந்த இடத்தைவிட்டு நகர வேண்டியதே இல்லை. யோசனை சுலபம், செய்வதற்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு கீக்கும் உள்ளே ஒரு எண் இருக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கீயைத் தொட்டால் திரையில் பத்து வரி கொட்டும், அதில் ஒரு எண்ணைப் பொறுக்க வேண்டும்.

"இன்னா தம்பி, ஒரு எழுத்தத் தொட்டா இவ்ளோ பொலம்புது?" என்பார் குமுதாக்கா. பொலம்புவதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் மெஷினிலேயே இருந்தது.

எந்த எழுத்து எந்த விரலுக்கு என்பதை முடிவு செய்தது முழுக்க அவர்தான். "நன்கொட குடுக்கிறவங்கள்ல பாதிப் பேரு அண்ணாமல, மீதிப் பேரு அருணாசலம். அந்த எழுத்தெல்லாம் நடுவெரலுக்கு வச்சுடுங்க. நட்சத்திரத்துல ரோகிணி ஜாஸ்தி வருது. ஔ எங்கியாவது மூலையில கெடக்கட்டும், யாரு அதக் கேக்கிறாங்க" என்பார். ஒருநாள் வைத்ததை மறுநாள் வந்து மாற்றச் சொல்வார். பஸ்ஸில் வரும்போது மடியில் விரலை வைத்து அடித்துப் பார்த்துக்கொண்டே வருவாராம். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, உனக்கு ஏதாவது நரம்புக் கோளாறா என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் படித்ததில், வேலை பார்த்ததில், அந்தப் பன்னிரண்டு நாள் மதியத்தைப் போல எனக்குப் பிடித்த நேரம் வேறு கிடையாது. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது, ஏன் என்பது தெரிந்துவிடும்.

ஒரு மாதத்தில் ரேவதியைத் தாண்டிவிட்டார். ரேவதிதான் அதுவரை எங்களில் வேகமான ஆள், நகரத்துப் பெண், ஹையர் பாஸ். சாருக்கு ஒரே சந்தோஷம். எப்படி என்று கேட்கவில்லை. "பாத்தியா, நான் சத்தம் போட்டதுல சரியாயிட்டா" என்று என்னிடமே சொன்னார். நானும் ஆமாம் சார் என்றேன்.

இங்கே என் சோம்பேறித்தனத்தைச் சொல்ல வேண்டும். எல்லா மெஷினிலும் எல்லோரும் ஒரே லாகின் பெயரில்தான் உள்ளே நுழைவார்கள். எட்டு மெஷினிலும் குமுதாக்காவுக்கென்று தனிப் பெயர் ஒன்றைத் திறந்து, அவருடைய கீபோர்டை அந்தப் பெயரோடு கட்டி வைத்திருந்தால், அவர் எங்கே உட்கார்ந்தாலும் அது அவர் கூடவே வந்திருக்கும். ஒரு நாள் வேலை. அவர்தான் எப்போதும் நாலாம் நம்பரில் உட்காருகிறாரே என்று மெஷின் ஓட ஆரம்பிக்கும்போதே ஏறுகிற மாதிரி அந்த ஒன்றில் மட்டும் போட்டுவிட்டேன். அதாவது அந்தக் கீபோர்டு ஆளுக்கு இல்லை, சிபியூ பெட்டிக்கு. பெட்டி நகராது என்று நான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளை மேனேஜர் ஒருவர் புதிதாக வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் டைரி. ஒரு நன்கொடையாளருக்கு நட்சத்திரம் மாறிப்போய் அவர் கடிதம் எழுதியிருந்தார். சென்டரை நேரில் பார்க்கிறேன் என்று வந்த மேனேஜர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் ஹாலில் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். மேசைகள் எல்லாம் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தன, மலை முதுகுப் பக்கம். அவர் முகம் சுருங்கியது.

"ஏங்க, மலைக்கு முதுகக் காட்டிக்கினு உக்காந்து சாமி காரியம் பண்றாங்களே. அப்புறம் தப்பு வராம இன்னா பண்ணும்?"

பிறகு குமுதாக்கா இடது கையால் மவுஸ் பிடித்திருப்பதைப் பார்த்தார்.

"இது வேறயா? பீச்சாங்கைல."

குமுதாக்கா மவுஸைவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் அந்த வலது கையை முந்தானைக்குள் செருகியதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்கு அந்த ஆளின் டைரியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து வீச வேண்டும்போல இருந்தது. வீசவில்லை. சாருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். திங்கட்கிழமை வந்து ஒவ்வொருவரையும் அடிக்கச் சொல்லிப் பார்ப்பேன், தப்பு ஜாஸ்தி பண்ணுகிறவர்களை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சாரிடம் சொல்லிவிட்டு அவர் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு லீவு. சார் இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து எல்லா மேசையையும் திருப்பிப் போட்டிருக்கிறார். ஜன்னலைப் பார்க்க இரண்டு வரிசை. வயர்களையெல்லாம் பிடுங்கி, பெட்டிகளை ஒரு மூலையில் அடுக்கி, திருப்பியபிறகு கைக்கு வந்த பெட்டியைக் கைக்கு வந்த மேசையில் வைத்து மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு வேறு வைத்து, மவுஸ் எல்லாவற்றையும் வலது பக்கம் வைத்தாயிற்று. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. பெட்டி என்றால் பெட்டிதானே, அரிசி மூட்டையை இடம் மாற்ற ஆளைக் கேட்கவா வேண்டும்?

திங்கட்கிழமை காலையில் நான் உள்ளே நுழைந்தபோது சார் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். நாலாம் நம்பர் எங்கே என்று தேடினால் எண் எழுதிய காகிதத்தின் மேலேயே சந்தனத்தை அப்பியிருந்தார்கள். பூஜை முடியட்டும், ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பூஜை முடிவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். கையில் கடிகாரம். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், கால் மணி நேரம், ஆரம்பிக்கலாம்.

முதலில் கத்தியது ரேவதி. "சார், இது தப்புத் தப்பா அடிக்குது சார்! நான் ஒண்ணு அடிச்சா ஒண்ணு வருது!"

நான் ஓடினேன். நாலாம் நம்பர் பெட்டி ரேவதியின் மேசையில் இருந்தது. ஒரே ஒரு கட்டளை, எல்லாம் பழையபடி ஆனது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சார் என்னைப் பார்த்து, "எவன்டா இதுல கை வச்சது?" என்றார். நான் வயரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். மேனேஜர் ரேவதிக்கு மட்டும் நேரத்தை முதலிலிருந்து எண்ணினார்.

குமுதாக்கா பின் வரிசையில் இருந்தார். அவர் கத்தவில்லை. கட்டைவிரல் ஆல்ட் கீயை அழுத்துகிறது, ஒன்றும் வரவில்லை. எடுக்கிறார், மறுபடி அழுத்துகிறார். பிறகு பழைய மாதிரியே இடது கையை அலையவிட்டு அடிக்க ஆரம்பித்தார். ஆனால் விரல்கள் இரண்டு மாதத்தில் புது இடங்களுக்குப் பழகிவிட்டன. அண்ணாமலை என்று அடித்தால் என்னென்னவோ வந்தது. அழிக்கிறார், அடிக்கிறார், அழிக்கிறார். நாலாம் நம்பரில் இருந்ததை ஒரு பிளாப்பியில் எடுத்து அவர் மெஷினில் போட இரண்டு நிமிஷம் போதும். எனக்கு அது தெரியும். என்னால் ஏதாவது செய்ய முடியும் என்று நம்பித்தான் அவர் தலையைத் தூக்கி என்னையே பார்த்தார்.

மேனேஜர் அவர் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். "இதுலயும் சிஸ்டம் கோளாறா?" என்று என்னைக் கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க சார். சிஸ்டம் நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

பொய் இல்லை பாருங்கள். அந்த மெஷின் நன்றாகத்தான் இருந்தது. கடையில் வாங்கினபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. இருபது வருடமாக இந்தச் சமாதானத்தை நான் எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை.

மேனேஜர் டைரியில் ஏதோ எழுதிக்கொண்டார். மதியம் சார் குமுதாக்காவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். "நான் இன்னாம்மா பண்றது, அவங்க சொல்றாங்க" என்றார். குமுதாக்கா டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு என் மேசைப் பக்கமாகத்தான் போனார். "வரேன் தம்பி" என்றார். வழக்கமாகச் சொல்கிற மாதிரியேதான் சொன்னார். ஒரு திட்டுத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அவர் போன பிறகு நாங்கள் மதியத்தில் உட்கார்ந்து செய்ததை எல்லாம் ரேவதி சாரிடம் சொல்லிவிட்டாள். சார் என்னையும் கிளம்பச் சொல்லிக் குதித்தார். ஆனால் லினக்ஸ் தெரிந்த வேறு ஆள் ஊரில் கிடைக்கவில்லை என்பதால் வைத்துக்கொண்டார். "அந்த எளவ இப்பவே எடுத்துடு. ஒரு மெஷின்லயும் இருக்கக்கூடாது" என்று பக்கத்திலேயே நின்றார். எடுத்துவிட்டேன். நாற்பத்தேழு வரி. அழிக்கட்டுமா என்றுகூட அது கேட்கவில்லை. லினக்ஸ் அப்படியெல்லாம் கேட்காது. ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். சார் பக்கத்தில் நின்றார் என்பது காரணம் இல்லை, அவர் டீ குடிக்கப் போன நேரம் நிறையவே இருந்தது. அதைக் கண்ணால் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, அதுதான் விஷயம்.

நாலு நாள் கழித்துக் குமுதாக்கா மாடியேறி வந்தார். சார் அப்போது இல்லை. முகத்தில் ஒரு தெளிவு. கைக்குட்டையில் சுற்றி ஒரு புது பிளாப்பி கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, வந்தவாசில ஒரு சென்டர்ல ஆளு கேட்டிருக்காங்க. அங்கியும் இதே லினக்ஸ்தானாம், விசாரிச்சுட்டேன். நம்ம கீபோர்டு மட்டும் இருந்தா அடிச்சுக் காட்டிடுவேன். இதுல போட்டுக் குடுங்க."

நான் அந்த பிளாப்பியைக் கையில் வாங்கினேன். அழித்துவிட்டேன் அக்கா, இரண்டு நாள் பொறுங்கள், திரும்ப எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். முதல் தடவைதான் பன்னிரண்டு நாள். எந்த எழுத்து எங்கே என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் இரண்டு நாள் போதும். ஆனால் அழித்துவிட்டேன் என்ற வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை.

"அது அந்த மெஷின்ல மட்டும்தான்க்கா வேலை செய்யும். வேற எதுல போட்டாலும் வராது" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. சிஸ்டம் சார் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார். "அப்பிடீங்களா" என்று கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "பரவால்ல தம்பி, நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பிளாப்பியை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார். நானும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. வந்தவாசியில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை என்று பிறகு ரேவதிதான் சொன்னாள். மல்லாட்டை ஆயப் போகிறார் என்றும் சொன்னாள்.

சென்டரை இரண்டு வருடத்தில் மூடிவிட்டார்கள். உரக்கடையும் இல்லை, அந்தக் கட்டடமே இல்லை. அங்கே இப்போது வரிசையாக வீடுகள், ஜன்னலிலிருந்து தெரிந்த மலையை மறைத்துக்கொண்டு. உருண்டை மவுஸை இன்றைக்குப் பிள்ளைகள் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். இதெல்லாம் போனதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் இல்லை. அந்த நாற்பத்தேழு வரியைத்தான் பலமுறை திரும்ப எழுதிப் பார்த்திருக்கிறேன். பதினொரு எழுத்துக்குமேல் எனக்கு இடம் நினைவுக்கு வருவதில்லை. மீதியைக் கேட்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். கீழ்பென்னாத்தூர் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அங்கே பஸ் நிற்கும்போதெல்லாம் எழுந்து, மேலே வைத்த பையைச் சரிசெய்வதுபோல் செய்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இறங்கிப்போய் என்ன சொல்வது? அது எல்லா மெஷினிலும் வேலை செய்யும் அக்கா என்றா?